விலைபோன ஆல்பமும் விலைபோன இசைக்குழுவும்

ஒரு பொருள் விலைபோயிற்று என்றால் நல்ல செய்தி. ஓர் ஆள் விலைபோய்விட்டார் என்றால் வசை. ராக் இசை ரசிகர்களிடையே அறுபது ஆண்டுகளாக ஓயாமல் நடந்துவரும் ஒரு வழக்கு, இந்த இரண்டு பொருள்களும் ஒன்றோடொன்று குழம்பிப்போவதிலிருந்தே பெரும்பாலும் பிறக்கிறது. ஒரு குழு சில ஆண்டுகள் கரடுமுரடாக வாசிக்கிறது. சிலர் அதைத் தங்களுடைய சொந்தச் சொத்தைப் போலப் போற்றுகிறார்கள். அடுத்த ஆல்பம் மெருகேறி வந்து இலட்சக்கணக்கில் விற்கிறது. உடனே பழைய ரசிகர்கள் அந்தக் குழுவை ‘செல் அவுட்’ என்கிறார்கள், அதாவது விலைபோய்விட்டது என்கிறார்கள். ஆல்பம் விலைபோனது உண்மை. குழு விலைபோனதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதையே இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

ஒரு மருந்துச் சீட்டு

ஒரு மருத்துவர் பல ஆண்டுகளாக ஒரே மருந்தை எழுதிக்கொடுத்துவந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முதல் வேறொரு மருந்தை எழுதத் தொடங்குகிறார். பழைய மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்டு அவர் மனம் மாறியிருக்கலாம். புதிய மருந்தை விற்கும் நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்திருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் நோயாளியின் கையிலுள்ள சீட்டில் இருப்பது ஒரே மருந்தின் பெயர்தான். சீட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. அதற்குச் சீட்டை விட்டு வெளியே வந்து விசாரிக்க வேண்டும்.

இந்த ஒப்புமையில் இன்னொன்றும் உண்டு. துணிக்கடைக்காரர் இலாபம் கருதி வேறு துணிகளை வாங்கி வைத்தால் அவரை யாரும் விலைபோனவர் என்பதில்லை. மருத்துவரைச் சொல்கிறோம். நோயாளியின் நலனே முதன்மை என்ற வாக்கு, வாய்விட்டுச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், மருத்துவரின் தொழிலிலேயே அடங்கியிருக்கிறது என்பதுதான் காரணம். ஆகவே இந்தக் கட்டுரையில் விலைபோதல் என்ற சொல்லை ஒரே பொருளில் பயன்படுத்துகிறேன்: முன்பு கொடுத்த ஒரு வாக்கை, கிடைக்கப்போகும் ஒரு பலனுக்காகக் கைவிடுவது. வாக்கு, பலன், இரண்டையும் இணைக்கும் ‘அதற்காக’ ஆகிய மூன்றும் இருந்தால்தான் குற்றச்சாட்டு நிற்கும்.

‘ஒலி மாறிவிட்டது’ என்னும்போது எது மாறுகிறது?

ஒரு ராக் குழுவின் ஒலி என்று நாம் சொல்வது பல அடுக்குகளின் கூட்டு. பாட்டு எவ்வளவு நீளம், பல்லவி எப்போது வருகிறது, எந்தக் கருவிகள், பாடுபவர் கத்துகிறாரா பாடுகிறாரா என்பவை வெளிப்படையாகத் தெரியும் அடுக்குகள். இவற்றுக்கு அடியில், கேட்பவர் பெரும்பாலும் கவனிக்காத ஓர் அடுக்கு இருக்கிறது: பதிவு. தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் எது முன்னால், எது பின்னால், எது எவ்வளவு உரக்க என்று அளவிட்டு ஒன்றாக்கும் வேலைக்கு மிக்ஸிங் என்று பெயர். பதிவுக்கூடத்தில் இருந்துகொண்டு எந்தப் பாடல் போதும், எது போதாது, எதைத் திரும்ப வாசிக்க வேண்டும் என்று வழிநடத்துபவர் தயாரிப்பாளர். திரைப்படத் தயாரிப்பாளரைப் போலப் பணம் போடுபவர் அல்லர்.

ஒரே குழு, ஒரே வாசிப்பு, வேறு பதிவு என்றால்கூடக் காதுக்கு வேறு குழுவைப் போலக் கேட்கும். நிர்வாணா குழு தன் முதல் ஆல்பத்தைச் சுமார் 600 டாலர் செலவில் பதிவுசெய்து 1989இல் வெளியிட்டது. 1991இல் வந்த இரண்டாவது ஆல்பத்தை புட்ச் விக் தயாரித்தார், ஆண்டி வாலஸ் மிக்ஸிங் செய்தார். அது பளபளப்பாக ஒலித்தது. மூன்றாவதற்கு, மெருகை வெறுப்பவர் என்று பெயரெடுத்த ஸ்டீவ் ஆல்பினியை அழைத்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டுகளில் மூன்று ஒலிகள். பாடல்களை எழுதிய கை பெரும்பாலும் ஒன்றே.

யூதாஸ் என்ற கூச்சல்

1965 ஜூலை 25 அன்று, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில், அதுவரை மரக் கிதாரும் ஹார்மோனிக்காவுமாகப் பாடிவந்த பாப் டிலன் மின் கிதாரும் குழுவுமாக மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. அடுத்த ஆண்டு மே 17 அன்று மான்செஸ்டரில் ஒருவர் அரங்கிலிருந்து ‘யூதாஸ்’ என்றே கத்தினார். முப்பது வெள்ளிக்காசுக்குத் தன் குருவைக் காட்டிக்கொடுத்தவனின் பெயர் அது. இதைவிடத் துல்லியமாக விலைபோதலைக் குறிக்கும் பெயர் கிடைக்காது.

இந்த வழக்கில் வெள்ளிக்காசு எங்கே என்று தேடினால் சிக்கல் தெரிகிறது. டிலன் 1961 முதலே கொலம்பியா என்ற பெரிய பதிவு நிறுவனத்தில்தான் இருந்தார். மரக் கிதார் காலத்திலும் அதே நிறுவனம், மின் கிதார் காலத்திலும் அதே நிறுவனம். வாக்கு இருந்தது என்று வாதிடலாம்: எளிய கருவி, எளிய மக்கள், போராட்டப் பாடல் என்பது அந்த விழாவின் அறம், அதன் முகமாக டிலனை அவர்கள் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த வாக்கைக் கொடுத்தவர் டிலனா, அல்லது அவர் சார்பில் ரசிகர்கள் தாங்களாகவே எழுதிக்கொண்டார்களா? என் கணிப்பு இரண்டாவது. ரசிகர்கள் எழுதி, ரசிகர்களே கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் ராக் வரலாற்றில் ஏராளம்.

1991: ஒரு கிதார்த் துணுக்கின் கதை

இந்தக் குற்றச்சாட்டுக்கு எடுத்துக்காட்டாக அதிகம் சொல்லப்படும் பெயர் மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் குழு. 1988இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் தலைப்புப் பாடல் ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடும். நடுவில் வேகமும் தாளக்கட்டும் பலமுறை மாறும். 1991 ஆகஸ்ட் 12 அன்று வெளிவந்த, கறுப்பு அட்டையால் ‘ப்ளாக் ஆல்பம்’ என்றே பெயர்பெற்ற தொகுப்பின் முதல் பாடல் ஐந்தரை நிமிடம். வேகம் மாறுவதே இல்லை. ஒரே கிதார்த் துணுக்கு பாடல் முழுவதையும் தாங்கி நிற்கிறது. இப்படித் திரும்பத் திரும்ப வரும் துணுக்குக்கு ரிஃப் என்று பெயர். ஆல்பம் வெளியான வாரமே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்நாட்டில் மட்டும் 1.6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பழைய ரசிகர்கள் தீர்ப்பு எழுத இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த ரிஃப் எப்படி உருவானது என்று பார்ப்போம். கிதார்க் கலைஞர் கிர்க் ஹாம்மெட் அதை வாசித்துக் காட்டியபோது, முதல் துண்டும் இறங்கிமுடியும் வால் துண்டும் மாறி மாறி வந்தன. டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக், முதல் துண்டை மூன்று முறை திருப்பி வாசித்துவிட்டு நான்காவது முறை மட்டும் வாலைச் சேர்க்கச் சொன்னார். காதில் ஒட்டிக்கொள்ளும் அந்தத் திருப்பம் பிறந்தது இப்படித்தான். குழுவுக்குள், ஒரு தோழர் இன்னொரு தோழரிடம் சொன்னது. புதிய தயாரிப்பாளராக பாப் ராக் என்பவர் வந்த பிறகு அவரும் தன் பங்குக்கு வற்புறுத்தினார்: நால்வரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றார், இதே பாடலின் முதல் வரைவு வரிகள் போதாது என்று பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டைத் திரும்ப எழுதவைத்தார். 1990 அக்டோபர் முதல் 1991 ஜூன் வரை நீண்ட அந்தப் பதிவில் சண்டைக்குக் குறைவில்லை.

எளிமையை நோக்கி ஏன் போனார்கள் என்பதற்கு ஹாம்மெட் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடப் பாடலை மேடையில் வாசிக்கும்போது முன்வரிசையினரின் முகம் தொங்கிப்போவதை அவர்கள் பார்த்தார்களாம். ஒரு நாள் இறங்கிவந்ததும் இனி இதை வாசிப்பதில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டாராம். அதாவது, சிக்கலான பாடல்களைக் கைவிட்டதாக அவர்கள்மீது குறைபட்ட ரசிகர்களே, நேரில் அவற்றைக் கேட்டுச் சலிப்புற்றவர்களாகவும் இருந்திருக்கிறார்கள்.

பணத்தின் பக்கம்? எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனத்துடன் மெட்டாலிகா 1984 முதலே ஒப்பந்தத்தில் இருந்தது. 1991இல் ஒலி மாறியது; ஒலிக்குப் பின்னாலிருந்த முதலாளி மாறவில்லை. நிறைய விற்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்ததா என்றால், இருந்தது, அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. ஆனால் ஆசை வாக்குமீறல் ஆகாது. இதே குழுவை 1984இல் மரக் கிதாரோடு தொடங்கும் மெதுவான பாடலுக்காகவும், 1989இல் முதன்முறையாகக் காணொளி எடுத்ததற்காகவும் விலைபோனதாக ஏற்கெனவே இருமுறை சொல்லியாகிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன்: நான் முதலில் கேட்டது கறுப்பு ஆல்பம்தான், பிறகு 1988இன் ஆல்பத்தைக் கேட்டபோது, பாஸ் கிதாரே காதில் விழாத அந்த வறண்ட பதிவுதான் எனக்கு ‘மாறிப்போன’ ஒலியாகத் தோன்றியது. எந்த ஒலியை முதலில் கேட்டோமோ அதுவே நமக்கு அசல்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒலி மாறுவது ஒரு தடயம் மட்டுமே. அதைக் கண்டதும் விசாரணையைத் தொடங்கலாம். தீர்ப்பை எழுத முடியாது.

பணம் ஒலிக்குள் நுழையும் வழி

அப்படியானால் பணத்துக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்டால், நிச்சயம் இருக்கிறது. ஆனால் அது பலர் கற்பனை செய்வதுபோல, சுருட்டு பிடிக்கும் ஒரு நிர்வாகி ‘மென்மையாகப் பாடு’ என்று கட்டளையிடும் காட்சி அன்று. அது கணக்குப் புத்தகத்தின் வழியாக நுழைகிறது.

பெரிய நிறுவனம் ஒரு குழுவை ஒப்பந்தம் செய்யும்போது முன்பணம் தருகிறது. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் குழுவுக்குச் சேரவேண்டிய பங்குக்கு ராயல்டி என்று பெயர். முன்பணமும் பதிவுச் செலவும், வழக்கமாகக் காணொளிச் செலவில் ஒரு பகுதியும், குழுவின் ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும். கவனிக்க வேண்டிய இடம் இது: கழிப்பது மொத்த வருமானத்திலிருந்து அன்று, குழுவின் பங்கிலிருந்து. ஒரு பிரதிக்குக் குழுவின் பங்கு 1 டாலர், கழிக்கவேண்டிய தொகை 2,00,000 டாலர் என்றால், இரண்டு இலட்சம் பிரதிகள் விற்கும்வரை குழுவுக்கு ராயல்டியாக ஒரு காசும் வராது. நிறுவனமோ அதற்கு வெகு முன்பே இலாபம் பார்க்கத் தொடங்கியிருக்கும். விற்கவில்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை; ஆனால் அடுத்த ஆல்பம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை வழக்கமாக நிறுவனத்தின் கையில் இருக்கும். கொடுத்த ஆல்பத்தையே ஏற்க மறுக்கவும் அதற்கு வழி இருக்கும்.

மேலே சொன்ன ஆல்பினி 1993இல் இந்தக் கணக்கை ஒரு கட்டுரையில் வரிவரியாக எழுதிக் காட்டினார். அவர் கற்பனை செய்த நால்வர் குழு 2,50,000 பிரதிகள் விற்கிறது, எவருக்கும் பொறாமை வரும் வெற்றி. கணக்கின் முடிவில் நிறுவனத்துக்கு 7,10,000 டாலர், தயாரிப்பாளருக்கு 90,000 டாலர், குழுவினர் ஒவ்வொருவருக்கும் 4,031 டாலர் 25 சென்ட். ஆல்பினி தன் சொல்லுக்கு உண்மையாகவும் இருந்தார்: நிர்வாணாவின் ஆல்பத்துக்குக் குறிப்பிட்ட ஒரு தொகையைக் கூலியாக வாங்கிக்கொண்டு, ராயல்டியில் பங்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

இப்படிக் கடனில் நிற்கும் ஒரு குழு அடுத்த ஆல்பத்துக்கு உட்காரும்போது, யாரும் எதையும் சொல்லாமலேயே ஏழு நிமிடப் பாடல் நான்கு நிமிடமாகிறது, பல்லவி முதல் நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. குழுவினரைக் கேட்டால், எங்களுக்கே இப்படித்தான் பிடித்தது என்பார்கள், பொய்யும் சொல்லமாட்டார்கள். அழுத்தம் விருப்பத்தின் உருவில் வருவதுதான் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம். ஆகவே கேட்கவேண்டியது ‘ஒலி மென்மையாகிவிட்டதா’ என்பதை அன்று. ‘இறுதிச் சொல் யாருடையது’ என்பதை. அந்த அதிகாரத்துக்குப் படைப்புக் கட்டுப்பாடு என்று பெயர்.

மறுதிசையில் மூன்று சான்றுகள்

படைப்புக் கட்டுப்பாடு குழுவிடமோ கலைஞரிடமோ இருந்தால் ஒலி எந்தப் பக்கமும் போகலாம். பாடகர் நீல் யங் 1982இல் குரலை எந்திரத்தால் உருமாற்றிய மின்னிசை ஆல்பம் ஒன்றையும், 1983இல் 1950களின் பாணியில் இன்னோர் ஆல்பத்தையும் கொடுத்தார். அவருடைய நிறுவனமான கெஃபன், இவை நீல் யங்குக்கே உரிய பாணியில் இல்லை என்று 33 இலட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. ஒலியை மாற்றிய கலைஞர்மீது ரசிகர்கள் வைக்கும் அதே புகாரை இங்கே வைத்தது நிறுவனம். அவருடைய ஒப்பந்தத்திலேயே படைப்புக் கட்டுப்பாடு அவரிடம் இருந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

வில்கோ குழுவின் கதை இன்னும் வேடிக்கை. 2001இல் அவர்கள் கொடுத்த ஆல்பத்தை வார்னர் குழுமத்தைச் சேர்ந்த ரிப்ரைஸ் ஏற்கவில்லை. குழு பதிவுகளோடு வெளியேறியது, இணையத்தில் எல்லாரும் கேட்கும்படி வைத்தது; 2002இல் அந்த ஆல்பத்தை வெளியிட்ட நோன்சச் நிறுவனமும் வார்னர் குழுமத்தைச் சேர்ந்ததே. ஒரே ஆல்பத்துக்கு ஒரே முதலாளி இருமுறை பணம் கொடுத்தார். ரேடியோஹெட் 2000இல் கிதாரைப் பெருமளவு ஒதுக்கிவிட்டு, எந்தப் பாடலையும் தனியாக முன்கூட்டி வெளியிடாமல் மின்னிசை ஆல்பம் தந்தது. அது அமெரிக்காவில் முதலிடத்திலேயே நுழைந்தது. விற்பனையை வைத்து விலைபோதலை அளப்பவர்கள் இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

ஒலி மாறாமலும் விலைபோக முடியுமா?

முடியும் என்பதே என் பதில். 1968இல் ப்யூயிக் கார் விளம்பரத்துக்காகத் தங்கள் புகழ்பெற்ற பாடலைக் கொடுக்க டோர்ஸ் குழுவின் மற்ற மூவரும் இசைந்தபோது அதன் பாடகர் ஜிம் மாரிசன் கொதித்துப்போனார். அந்தப் பாடலின் ஒலி மாறவிருந்தது என்பதற்காக அன்று. அது யாருக்காக ஒலிக்கப்போகிறது என்பதற்காக.

கிரீன் டே இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், 1986இன் கடைசி நாளில் தொடங்கிய கில்மன் தெரு பங்க் இசைக்கூடத்தில் வளர்ந்த மூவர் குழு அது. பங்க் என்பது வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ஒரு ராக் வகை. பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்த குழுக்களுக்கு அங்கே மேடை கிடையாது என்பது கூடத்தின் விதியாக இருந்தது. 1993இல் கிரீன் டே ரிப்ரைஸோடு கையெழுத்திட்டது. 1994 பிப்ரவரியில் வந்த ஆல்பம் அமெரிக்காவில் ஒரு கோடிக்கு மேல் விற்றது. பழைய கூடத்தின் கதவு மூடிக்கொண்டது. முந்தைய சிறிய நிறுவன ஆல்பத்தில் இருந்த ஒரு பாடலை இந்த ஆல்பத்துக்காக அவர்கள் மறுபடியும் பதிவுசெய்திருந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும்: அதே விரைவு, அதே அமைப்பு, அதே அடித்தொண்டைக் குரல். கிதார் சற்றுத் துலக்கம், டிரம்ஸுக்குச் சற்றுக் கனம், அவ்வளவுதான். ஒலியை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இவர்கள் முழுக்க நிரபராதிகள். ஆனால் கில்மன்காரர்களின் புகார் ஒலியைப் பற்றியதே அன்று. எல்லாரும் சேர்ந்து காத்த ஒரு விதியை நண்பர்கள் மீறிவிட்டார்கள் என்பதைப் பற்றியது. மெட்டாலிகா மீதான புகாரைவிட இது கனமான புகார் என்றே நினைக்கிறேன். 2015இல் ஒரு நிதிதிரட்டு நிகழ்ச்சிக்காக அதே கூடத்தில் கிரீன் டே மீண்டும் வாசித்தது.

இதன் மறுபக்கம் ஃபுகாஸி. வாஷிங்டனைச் சேர்ந்த இந்தக் குழுவின் ஆல்பங்கள் தங்கள் பாடகரே நடத்தும் சிறிய நிறுவனத்தில் வெளிவந்தன; கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு பெரும்பாலும் 5 டாலர்தான். 1980களின் இறுதியில் தொடங்கி 2001இன் கடைசி ஆல்பம்வரை அவர்களுடைய ஒலி அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியது. ஆனாலும் அவர்களை விலைபோனவர்கள் என்று வாதிட ஆள் கிடைப்பது அரிது.

ஆக, ஒலி மாறியும் வாக்கு காக்கப்படலாம்; ஒலி மாறாமலும் வாக்கு மீறப்படலாம்.

கடினமான ஒரு வழக்கு

இந்த அளவுகோலைச் சோதிக்க சம்பாவம்பாவைவிடப் பொருத்தமான குழு இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கூட்டாக வாழ்ந்த அரசின்மைவாதிகள் அவர்கள். ஒலி அவர்களிடம் ஒருநாளும் நிலையாக நின்றதில்லை: பங்க், பிறகு கருவியே இல்லாமல் பாடிய பழைய ஆங்கிலக் கலகப் பாடல்கள், பிறகு நடன இசை, கடைசிக் காலத்தில் அமைதியான நாட்டுப்புற இசை. எனவே ஒலிமாற்றத்தை வைத்து அவர்களைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. ஆனால் 1989இல் ஈஎம்ஐ என்ற பெரிய பதிவு நிறுவனத்தைத் தலைப்பிலேயே திட்டிய ஒரு கூட்டு ஆல்பத்தில் பங்கேற்றவர்கள், 1997இல் அதே ஈஎம்ஐயோடு ஒப்பந்தம் செய்தார்கள். அந்த ஆண்டே உலகமெங்கும் ஒலித்த ஒரு பாடலைத் தந்தார்கள். வாக்கு இருந்தது, எழுத்திலேயே இருந்தது. பலன் இருந்தது. இராணுவத் தளவாடத் தொடர்புடைய தார்ன் நிறுவனத்திடமிருந்து ஈஎம்ஐ 1996இல் பிரிந்துவிட்டது என்பதை வேண்டுமானால் அவர்கள் பக்கத்தில் வைக்கலாம்; எனக்கு அது போதவில்லை.

2002இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் விளம்பரத்துக்காக அவர்களுடைய பாடலொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 டாலர் கொடுத்தது. குழு அந்தப் பணத்தை வாங்கி, பெருநிறுவனங்களைக் கண்காணிக்கும் கார்ப்வாட்ச், மாற்று ஊடகமான இண்டிமீடியா ஆகிய இரண்டு அமைப்புகளுக்குக் கொடுத்துவிட்டது; ஜெனரல் மோட்டார்ஸுக்கு எதிரான பரப்புரைக்கே அது உதவட்டும் என்று. 1997இல் மீறிய வாக்கின் கடன் கணக்கில், ஐந்து ஆண்டு கழித்து ஒரு தவணை கட்டினார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன்.